வீட்டில் ஒரு மொழி, கதையில் ஒரு மொழி
மாஸ்தியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கதை எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்கள் தமிழில் இல்லாமலில்லை. அகிலன் ‘கதைக்கலை’ என்று ஒரு புத்தகமே எழுதினார். ரா. கி. ரங்கராஜன் தபால் வழியில் பாடம் நடத்தினார். இவற்றைப் பார்த்துச் சிரிப்பது நம் வட்டத்தில் ஒரு சம்பிரதாயம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் சிரித்த நாம் அந்தக் கேள்விக்கு நம் பங்குக்கு ஒரு பதிலைத் தேடி வைத்திருக்கிறோமா என்றால் இல்லை. சிருஷ்டி ரகசியமானது, கற்றுத்தர முடியாதது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறோம். அது உண்மையாகவே இருக்கலாம். கேட்கிறவனுக்கு அதனால் பிரயோஜனமில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் கிளையில் கணக்கு வைத்திருப்பவர். கவுண்டருக்குள் உட்கார்ந்திருக்கும் இந்த ஆள் ஏதோ எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நான்கு கதைகள். “சார், இதுல என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க. நல்லாருக்குன்னு சொல்ல வேணாம்” என்றார். இப்படிக் கேட்கிறவரை நான் அதுவரை சந்தித்ததில்லை.

நான்கில் ஒன்று அவருடைய அம்மாவைப் பற்றியது. ஒப்பந்தம் முடிந்து வேலை போன நாளில் மகன் ஊருக்குத் திரும்புகிறான். அம்மா வாசலில் நின்று அரைப் பக்கம் பேசுகிறாள். உழைப்பைப் பற்றி, ஏழைகளின் விதியைப் பற்றி, நம்பிக்கையைப் பற்றி. எழுத்துப் பிழை இல்லை. உயிரும் இல்லை. “உங்க அம்மா இப்படியா பேசுவாங்க?” என்று கேட்டேன். “அம்மா தெலுங்குலதான் சார் பேசுவாங்க. தமிழ் புரியும், பேச வராது.” “சரி, அன்னைக்கு என்ன சொன்னாங்க?” அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணும் சொல்லல சார். சோறு போடட்டுமான்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.”

அந்த நான்கு கதைகளிலும் இல்லாதது இந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதைக் கதையில் ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஏனென்றால் அதே தப்பை முந்நூறு பக்கத்துக்குச் செய்தவன் நான்.

இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஓசூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், தொழிற்பேட்டை மனிதர்களை வைத்து ஒரு நாவல் எழுதினேன். ஆந்திரத்திலிருந்து வந்தவன், தளி பக்கத்துக் கன்னடக்காரன், தர்மபுரியிலிருந்து வந்தவன், தஞ்சாவூரிலிருந்து வந்தவன் எல்லோரும் அதில் உண்டு. எல்லோரும் ஒரே தமிழ் பேசினார்கள். அது வங்கிப் படிவத்தின் தமிழ் என்று இப்போது தெரிகிறது. பதிப்பாளர் ஒருவர் ஒரே வரிக் கடிதத்தோடு கைப்பிரதியைத் திருப்பி அனுப்பினார். இரண்டு வருஷம் அவர்மேல் கோபமாக இருந்தேன். அதற்குப் பிறகு ஒரு நாள் கைப்பிரதியை எடுத்துப் படித்தபோது கோபம் போய்விட்டது. நான் விமர்சனம் எழுத ஆரம்பித்தது அந்தத் தோல்விக்குப் பிறகுதான். தமிழில் விமர்சகர்கள் பலர் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். அதை அவர்கள் சொல்வதில்லை.

2

இந்த நிலத்தின் சரித்திரம் ஒரு கதைக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து தீர்வை போட்டார்கள். திப்பு விழுந்த 1799-க்குப் பிறகு ஓசூர்ப் பகுதியும் அதே கைக்குப் போனது. சேலம் மாவட்டம் என்று நெடுங்காலம் இருந்து, 1965-ல் தர்மபுரி மாவட்டமாகி, 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டமாயிற்று. நடுவில் 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. கோடு எத்தனை தடவை மாறினாலும், கோட்டுக்கு இந்தப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களும் அந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவர்களும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 1970களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., பிறகு டைட்டன் என்று 1980களில் பெரிய ஆலைகள் வந்தன. அவற்றோடு நாட்டின் மற்ற மொழிகளும் வந்து சேர்ந்தன.

என் மேஜையில் மாதிரிக் கையெழுத்து அட்டைகள் உண்டு. படிவம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தமிழிலும் இருக்கும். கையெழுத்து தெலுங்கில் இருக்கும், கன்னடத்தில் இருக்கும். ஒருவர் பெயரைத் தமிழிலும் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைக் கன்னடத்திலும் போடுகிறார். இரண்டு எழுத்துகளும் ஒன்றையொன்று இடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நம் கதைகளில் இந்தக் கையெழுத்து இல்லை.

இந்த எல்லையில், பன்னிரண்டு வருஷ இடைவெளியில், இரண்டு கதைக்காரர்கள் பிறந்தார்கள். 1878-ல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ராஜாஜி. 1891-ல் வடக்கே கோலார் மாவட்டத்தில் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். மாஸ்தி என்பது ஊர்ப்பெயர். இன்று மாலூர் தாலுகாவில் இருக்கிறது. ஓசூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். இரண்டு குடும்பமும் தமிழ் பேசிய வைஷ்ணவக் குடும்பங்கள். ராஜாஜி படிக்கப் பெங்களூர் போனார். மாஸ்தி எம்.ஏ. பட்டம் வாங்கியது சென்னைப் பல்கலைக்கழகத்தில், 1914-ல், ஆங்கில இலக்கியத்தில். அதற்குப் பிறகு ஒருவர் தமிழில் எழுதினார், மற்றவர் கன்னடத்தில். வீட்டில் தமிழ் பேசிய மாஸ்தியைக் கன்னடத்தின் ஆஸ்தி என்று கன்னடர்கள் கொண்டாடினார்கள். 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு, குடகின் கடைசி அரசனைப் பற்றிய ‘சிக்கவீர ராஜேந்திர’ நாவலுக்காக அவருக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் நமக்கு அவர் இன்னும் ஒரு பெயர் மட்டும்தான்.

ராஜாஜியின் கதைகளை நம் விமர்சகர்கள் நீதிக்கதை என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். அவ்வளவு சுலபமாக ஒதுக்கக்கூடியவையல்ல. 1929-ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ பத்திரிகையை நடத்தியவர். கல்கி அங்கேதான் அவருக்கு உதவியாக இருந்தார். 1937-ல் பிரதமராக வந்ததும் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ‘திக்கற்ற பார்வதி’யை அந்த மனம்தான் எழுதியது. 1974-ல் சிங்கீதம் சீனிவாசராவ் அதைப் படமாக்கியபோது தொரப்பள்ளிக்கே போய்ப் பிடித்தார். படம் பார்த்தவர்களுக்கு அந்த மண்ணும் பாறையும் நினைவிருக்கும். கதையில் அவை இவ்வளவு இல்லை. குடி ஒரு குடும்பத்தை அழிக்கும் என்பது கதை தொடங்குமுன்பே ஆசிரியருக்குத் தெரிந்துவிட்டது. கருப்பனும் பார்வதியும் அதை நிரூபிக்க வருகிறார்கள். நிரூபித்துவிட்டுப் போகிறார்கள்.

மாஸ்தியும் நீதி சொல்கிறவர்தான். இதை மறைத்து அவரை நவீனராக்க நான் விரும்பவில்லை. வாழ்க்கைக்கு ஒரு ஒழுங்கு உண்டென்று நம்பியவர். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பாத்திரம் சொல்லி முடிக்கும்வரை மாஸ்தி காத்திருக்கிறார்.

3

பெங்களூர்க் கிளையில் இரண்டு வருஷம் இருந்தபோது பஸ் பலகைகளிலிருந்து கன்னட எழுத்துக்களைக் கற்றுக்கொண்டேன். நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவ, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்த முதல் கதை ‘மொசரின மங்கம்மா’, தயிர்க்கார மங்கம்மா.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்குத் தயிர் விற்க வருகிறவள் மங்கம்மா. வாடிக்கை வீட்டு அம்மாளிடம் தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறாள். பேரனை மருமகள் அடித்தாள், கேட்டதற்குச் சண்டை, மகன் பெண்டாட்டி பக்கம் நின்றான், தனியாகப் போய்விட்டாள். இனி யாருக்குச் சேர்த்துவைப்பது என்று தனக்கு வெல்வெட்டில் ஒரு ரவிக்கை தைத்துக்கொள்கிறாள். ஊர் சிரிக்கிறது. ஒருவன் அவளிடம் அசடு வழியப் பார்க்கிறான். கடைசியில் பேரன் பாட்டியைத் தேடி வந்துவிட, குடும்பம் மறுபடி கூடுகிறது.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, கதை நடக்கும் இடம். சண்டை நடந்தது கிராமத்தில். நாமோ ஒரு தடவைகூடக் கிராமத்துக்குப் போவதில்லை. பெங்களூர் வீட்டின் வாசலில், தயிர் அளந்து ஊற்றும் நேரத்துக்குள், எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிறது. மீதி அடுத்த தடவை. எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்ற உருவப் பிரச்னையை மாஸ்தி தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. தயிர்க்காரியின் அவசரம் அதைத் தீர்த்துவிடுகிறது. உருவம் என்று நாம் பத்திரிகை பத்திரிகையாக வாதாடிய சமாசாரம் இவ்வளவு சாதாரணமாகவும் கிடைக்கும்.

இரண்டாவது, வெல்வெட் ரவிக்கை. மங்கம்மாவின் தனிமையைப் பற்றி மாஸ்தி விவரிக்கவில்லை. வயதான பெண் ஒருத்தி, இதுநாள்வரை தனக்கென்று ஒன்றும் வாங்காதவள், ஒரு துணியை வாங்குகிறாள். கோபம், ஆசை, மானம், பழிவாங்குதல், கொஞ்சம் அசட்டுத்தனம் எல்லாம் அந்தத் துணியில் இருக்கின்றன. பாத்திரம் என்ன நினைக்கிறது என்று எழுதத் தெரியாமல் திணறுகிறவர்கள், அது கையில் காசு இருந்தால் என்ன வாங்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது தினமும் கண்ணில் படுகிறது. ஒரு மனிதன் எதற்காகப் பணம் எடுக்கிறான் என்பது தெரிந்தால் அவனைப் பற்றிப் பாதி தெரிந்தமாதிரி.

மூன்றாவதுதான் பெரிது. மருமகளின் தரப்பும் நம் காதில் விழுகிறது. அதுவரை மங்கம்மாவின் வாயால் கேட்டுக் கேட்டு அவள்பக்கம் சாய்ந்துவிட்ட நாம், மருமகளுக்கும் ஒரு நியாயம் இருப்பதைப் பார்த்துத் துணுக்குறுகிறோம். பெற்ற பிள்ளையை அதட்டக்கூட உரிமை இல்லாத வீட்டில் ஒருத்தி எப்படி இருப்பது? இரண்டு பெண்களும் ஒரு ஆண்மீதுள்ள பிடியை விடாமல் இழுக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிகிறது. மாஸ்தி தீர்ப்பு எழுதவில்லை. ராஜாஜி வக்கீல், மாஸ்தி நிர்வாகி. இருவரும் கதை சொன்ன விதத்துக்கும் இதற்கும் சம்பந்தமுண்டோ என்று எனக்கு ஒரு எண்ணம். வக்கீல் ஒரு கட்சிக்காகப் பேசுகிறவர். மாவட்ட அதிகாரி, மனு கொடுக்க வந்தவனை அனுப்பிவிட்டு எதிர்மனு கொடுக்க வருகிறவனையும் கேட்டாக வேண்டும். இதை ஒரு விதியாக்க மாட்டேன். வக்கீல்கள் நல்ல கதை எழுதியிருக்கிறார்கள்.

மாஸ்தியின் பல கதைகளில் இப்படி ஒருவர் கேட்டு இன்னொருவருக்குச் சொல்கிற அமைப்பு இருக்கிறது. பழைய பாணி என்று தோன்றலாம். வீட்டில் ஒரு மொழியும் வெளியே ஒரு மொழியுமாக வளர்ந்தவனுக்கு இது பாணியாக இருக்க முடியாது, பிறவிப் பழக்கமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அம்மா சொன்னதைக் கடைக்காரனுக்கு, கடைக்காரன் சொன்னதை அம்மாவுக்கு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த குழந்தை அது. எல்லையில் பிறந்த எல்லாக் குழந்தையும் மொழிபெயர்ப்பாளன்தான். ஒருவர் சொன்னதை அப்படியே கொண்டுபோக முடியாது, ஆனால் பொய்யாகவும் ஆக்கக் கூடாது என்பது அதற்கு ஐந்து வயதிலேயே தெரியும்.

4

மாஸ்தி கன்னடத்துக்காரர், நமக்கென்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நம்மிடமும் இந்த வகையினர் உண்டு. தமிழ்ச் சிறுகதையின் மூலவர்களில் ஒருவரான கு. ப. ராஜகோபாலனின் வீட்டு மொழி தெலுங்கு. எம். வி. வெங்கட்ராமின் வீட்டு மொழி சௌராஷ்டிரம். கி. ராஜநாராயணனின் வீட்டு மொழி தெலுங்கு. தமிழ்க் கதையில் பேச்சு என்ற ஒன்றை நம்பும்படி எழுதியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் இந்த மூவரும் அதில் வருவார்கள். இதை யாரும் தற்செயல் என்று சொல்லக் கூடாது.

எம். வி. வி.யின் ‘வேள்வித் தீ’ 1975-ல் வந்தது. கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர்களின் உலகம். பாத்திரங்கள் தங்களுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். நாவலில் இருப்பது தமிழ். இதை அவர் எப்படிச் சமாளித்தார்? வரிக்கு ஒரு சௌராஷ்டிரச் சொல்லைத் தூவி மணம் காட்டவில்லை. தறியைக் காட்டினார், கூலியைக் காட்டினார், வீட்டுக்குள் தறி போட்டிருப்பதால் புருஷனும் பெண்டாட்டியும் எவ்வளவு இடத்தில் படுக்க முடியும் என்ற யதார்த்தத்திலிருந்து அவர்களுடைய உறவைக் காட்டினார். அந்த உலகம் நம்பிக்கை தந்துவிட்டால், அதில் பேசப்படும் தமிழ் தமிழ்தானா என்று வாசகன் சோதனை போடுவதில்லை.

கி. ரா.வின் வழி வேறு. 1976-ல் வந்த ‘கோபல்ல கிராமம்’, தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே ஓடிவந்து கரிசல் காட்டில் குடியேறியவர்களின் கதை. ஓடிவந்த கதையைச் சொல்பவள் மங்கத்தாயாரு என்ற தொண்டுகிழவி. மறுபடியும் பார்க்க வேண்டும், இங்கேயும் ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குத்தான் கதை வருகிறது. கிழவி பேசியது தெலுங்கு. நாம் கேட்பது கரிசல் தமிழ். அந்தத் தமிழுக்குள் தெலுங்கின் மூச்சு இருக்கிறது. வார்த்தைகளால் வந்ததல்ல அது. வாக்கியம் எங்கே நிற்கிறது, எங்கே இழுக்கிறது என்பதால் வந்தது. நாட்டுப்புறச் சொற்களைச் சேகரித்துக் கதையில் கொட்டினால் கி. ரா. ஆகிவிடலாம் என்று அவருக்குப் பிறகு பலர் நம்பினார்கள். சொல் கிடைத்தது, மூச்சு கிடைக்கவில்லை.

இரண்டு வழியிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. பாத்திரத்தின் மொழியை நகல் எடுக்க இவர்கள் முயலவில்லை. பேசுகிறவனின் நிர்ப்பந்தம் என்ன, எதைச் சொல்ல வந்து எதைச் சொல்லாமல் போகிறான் என்பதைக் கேட்டார்கள். அது எந்த மொழிக்கும் மாறிக்கொள்ளும். அரைப் பக்கம் பேசிய அம்மாவிடம் இல்லாமல் போனது தெலுங்கு என்று முதலில் நினைத்தேன். யோசித்தால், இல்லாமல் போனது அவள் மௌனம். சோறு போடட்டுமா என்று தமிழில் கேட்டாலும் அவள் தெலுங்குக்காரிதான்.

5

தோல்வியைப் பற்றி. இளைஞர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், நாம் இதில்தான் அதிகம் பொய் சொல்கிறோம். கஷ்டம் கலைஞனைப் புடம் போடும் என்ற ஒரு வசனம் நம்மிடம் புழங்குகிறது. புதுமைப்பித்தன் 1948-ல் காசநோயில் செத்தபோது அவருக்கு 42 வயது. கு. ப. ரா. 1944-ல் இறந்தபோதும் 42-ஐத் தாண்டவில்லை. இவர்களைப் புடம் போட்டது எது, அழித்தது எது என்று தெரியாதவன் அந்த வசனத்தைச் சொல்லட்டும். வறுமையும் நோயும் இவர்களுக்கு எதையும் கொடுக்கவில்லை. இன்னும் முப்பது வருஷத்துக் கதைகளை எடுத்துக்கொண்டன.

அப்படியானால் இவர்களிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அடி விழுந்தபோது என்ன செய்தார்கள் என்பதுதான்.

கு. ப. ரா. மேலூரில் தாலுகா அலுவலக உத்தியோகத்தில் இருந்தார். கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கியது. வேலையை விட்டுக் கும்பகோணம் திரும்பினார். அந்த நாட்களில் அவர் சொல்லச் சொல்லத் தங்கை கு. ப. சேது அம்மாள் எழுதினார். சிகிச்சைக்குப் பிறகு பார்வை திரும்பியது. தங்கையும் எழுத்தாளரானார். கு. ப. ரா.வின் கதைகளை உரக்கப் படித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒரு வாக்கியத்திலும் மூச்சு முட்டாது. வாயால் சொல்லி இன்னொருவர் கையால் எழுதப்பட்ட காலத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் ஒரு யோசனையாக இதைச் சொல்வேன்: எழுதியதை ஒருவர் காதில் விழும்படி படியுங்கள். கேட்கிறவர் உங்களைப் பிடிக்காதவராக இருந்தால் விசேஷம்.

எம். வி. வி.யின் துன்பம் இன்னும் பயங்கரமானது. பல வருஷங்கள் அவர் காதுக்குள் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. ஆபாசமாகத் திட்டும் குரல்கள். எழுதுகிறவனுக்குக் காதுதான் முதல். அந்தக் காதே எதிரியாயிற்று. பட்டு ஜரிகை வியாபாரம் நொடித்தது. பிழைப்புக்காக என்னென்னவோ எழுதினார். கடைசியில் அந்தக் குரல்களையே ‘காதுகள்’ என்ற நாவலாக எழுதினார். 1993-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி பரிசு. பரிசை ஆறுதலாகச் சொல்லவில்லை. 16 வயதில் மணிக்கொடியில் எழுதியவருக்கு எழுபது வயதுக்குமேல் கிடைத்த பரிசு என்ன ஆறுதல்? நான் சொல்ல வருவது, அந்த நாவலில் தன்னிரக்கம் இல்லை என்பது. மகாலிங்கத்தைத் தன்னிலிருந்து ஒரு கை தூரத்தில் நிறுத்தி, அவன் படும் பாட்டில் இருக்கும் கோமாளித்தனத்தையும் பார்க்க முடிந்தது அவருக்கு. தன் கஷ்டத்தை எழுத விரும்புகிறவர் அதில் சிரிக்கத்தக்கது எது என்று கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருக்கலாம்.

மாஸ்திக்கு விழுந்த அடி உத்தியோகத்தில். மைசூர் சமஸ்தான சிவில் சர்வீஸில் இருபத்தாறு வருஷம். மந்திரி அந்தஸ்துப் பதவி தனக்கு வரவேண்டியது என்று எண்ணியிருந்தபோது இளையவர் ஒருவரை மேலே தூக்கினார்கள். 1943-ல் ராஜினாமா செய்தார். வயது 52. நம் அலுவலகங்களில் இப்படி ஒருவருக்கு நேர்ந்தால் மீதி ஆயுள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருப்பார். அடுத்த வருஷமே ‘ஜீவன’ பத்திரிகையை எடுத்துக்கொண்டு 1965 வரை நடத்தினார். ‘சிக்கவீர ராஜேந்திர’ 1956-ல், 65 வயதில் வந்தது. 1834-ல் ஆங்கிலேயர் அரியணையிலிருந்து இறக்கிய ஒரு அரசனின் கதை அது. கெட்ட அரசன். கொடுமைக்காரன். அவன்மேல் கோபப்படக் காரணங்களை அடுக்கும் மாஸ்தி, அவனை வெறுத்துவிட்டு நகர நம்மை விடுவதில்லை. பதவி போனவனின் மனம் எப்படி இருக்கும் என்பதை அவர் எங்கிருந்து தெரிந்துகொண்டார் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் அவர் சிரித்திருப்பார் என்றும் தோன்றுகிறது. தன் மனக்குறையைத் தன் கதையாக எழுதாமல், தனக்குப் பிடிக்கவே நியாயமில்லாத ஒருவனைப் புரிந்துகொள்ள அவர் அதைச் செலவழித்தார் என்று நான் வாசிக்கிறேன்.

ஆக மூவரிடமும் எனக்குத் தெரிவது தைரியமோ தவமோ அல்ல. வேலை. ஒரு கருவி போனால் இன்னொரு கருவி. கண் போனால் தங்கையின் கை. காதே பகையானால் அந்தப் பகையே விஷயம். உத்தியோகம் போனால் பத்திரிகை. அப்படியும் சிலருக்கு ஆயுள் போதவில்லை. அதற்கு யாரிடமும் யோசனை இல்லை.

6

அந்த இளைஞருக்கு நான் இவ்வளவையும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோயிருப்பார். அம்மாவின் கதையை மட்டும் மறுபடி எழுதச் சொன்னேன். அம்மா பேச வேண்டாம், அம்மா பேசியதை மகன் வேறு யாருக்காவது சொல்வதுபோல எழுதுங்கள் என்றேன். “யாருக்கு சார்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. தமிழ்க் கதைக்காரர்கள் பலர் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. “தெலுங்கு தெரியாத ஒருத்தருக்கு” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். கதை முன்பிருந்ததில் பாதிதான். கூட வேலை பார்க்கும் ஒரு பீகார் பையனுக்கு, இரவு ஷிப்டில், பாதி இந்தியும் பாதி தமிழுமாக மகன் சொல்கிறான். சொல்லும்போது சோறு என்ற வார்த்தைக்கு இந்தி என்ன என்று சட்டென்று ஞாபகம் வரவில்லை. கையால் சாப்பிடுவதுபோல் காட்டுகிறான். பீகார் பையன் தன் டப்பாவைத் திறந்து அவன்பக்கம் நகர்த்துகிறான். கதை அங்கே நிற்கிறது.

குறைகள் இருக்கின்றன. தொடக்கம் நீளம். இரண்டு இடத்தில் நான் சொன்னதைக் கேட்டு எழுதியது தெரிகிறது. அவற்றைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். போன பிறகு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து என் முந்நூறு பக்கத்தை இறக்கி வைத்தேன். தளி பக்கத்துக் கன்னடக்காரன் 41-ஆம் பக்கத்தில் பேச ஆரம்பிக்கிறான். யாரிடம் பேசுகிறான் என்று அதில் இல்லை.